படகில் குடியிருக்கப் போறீங்களா? விலையைப் பார்க்கிறதுக்கு முன்னாடி பாத்ரூமைப் பாருங்க!



கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ பக்கம் வேலை பார்க்கிற என் காலேஜ் நண்பன் போன மாசம் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டான். "மச்சி, வாடகை மட்டும் மாசம் 2,500 டாலர் போகுது. 26 அடி பாய்மரப் படகு ஒண்ணு 6,000 டாலருக்கு வருது. வாங்கி அதுலயே குடியிருக்கலாம்னு இருக்கோம். நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போறேன். கணக்கு சரிதானே?"

நான் கேட்ட முதல் கேள்வி: "பாத்ரூம் எப்படி?"

அவன் சிரிச்சான். பக்கத்துல இருந்து அவன் மனைவி குரல் வந்துச்சு: "அண்ணா, அதைத்தான் ஒரு வாரமா நானும் கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

இது சொகுசுக் கேள்வி இல்லைங்க, முழுக்க முழுக்க பணக் கேள்வி. ஏன்னு பார்ப்போம்.

1. பாத்ரூம் சரியில்லைன்னா ரெண்டு வாடகை

அவன் பார்த்த படகில் டாய்லெட், முன்பக்கப் படுக்கைக்கும் ஹாலுக்கும் நடுவில் ஒரு திரைக்குப் பின்னாடி இருக்கு. நிமிர்ந்து நிற்க முடியாது, ஷவர் கிடையாது. வார இறுதியில் சுற்றிவர இது போதும். தினமும் ஆபீஸ் கிளம்புற ரெண்டு பேருக்கு?

மூணு மாசத்தில் அலுத்துப்போய் மறுபடி அபார்ட்மென்ட் எடுத்தா என்ன ஆகும்? பழைய படகு உடனே விற்காது. விற்கிற வரைக்கும் மெரினா வாடகை ஓடிக்கிட்டே இருக்கும், வீட்டு வாடகையும் சேரும்.

நல்ல பாத்ரூம் உள்ள 30 அடி படகு 15,000 டாலர்னு வெச்சுக்குவோம். வித்தியாசம் 9,000 டாலர். நாலு மாச வீட்டு வாடகையே 10,000 டாலர்! அதாவது சின்னப் படகை விட்டு நாலு மாசம் வெளியே தங்கினாலே, மிச்சம் பிடிச்ச பணம் காலி.

2. எந்த அளவு படகு?

மெரினாக்காரங்க படகு நிறுத்த அடிக்கணக்கில்தான் வாடகை வாங்குவாங்க. அதனால பெரிசா வாங்கினா மாசாமாசம் தண்டம். ரெண்டு பேருக்கு 30 அடியை ஒட்டிப் பார்க்கிறது நல்ல சமரசம்.

உதாரணம், கேட்டலினா 30. 1970களின் நடுவில் தொடங்கி 6,000க்கும் மேல் கட்டப்பட்ட மாடல். அகலம் கிட்டத்தட்ட 11 அடி, உள்ளே 6 அடி ஆள் நிமிர்ந்து நிற்கலாம், பாத்ரூமுக்குத் தனிக் கதவு உண்டு. ஷவருக்குத் தனி அறை இல்லை; டாய்லெட் பக்கத்திலேயே நின்னு குளிச்சுட்டு துடைச்சு விடணும். நிறைய படகுகள் இருக்கிறதால பழைய விலையும் உதிரி பாகமும் விசாரிக்க சுலபம்.

3. பாத்ரூமை எப்படி சோதிக்கிறது?

• கதவைச் சாத்திட்டு உட்காருங்க. முட்டி இடிக்குதா? எழுந்து நின்னு தலைக்கு ஷாம்பு போடுற மாதிரி கையை அசைச்சுப் பாருங்க. உங்க மனைவியும் செய்து பார்க்கட்டும்.

• குளிச்ச தண்ணி எங்கே போகுது? தரையில் தொட்டியும் பம்ப்பும் இருக்கணும். சுவிட்சைப் போட்டுப் பாருங்க.

• மேலே திறக்கிற ஜன்னல் இருக்கா? காற்று போகலைன்னா பூஞ்சை உறுதி.

• வெந்நீரில் நனைச்ச துணியால் டாய்லெட் குழாயைத் தேய்ச்சு, துணியை மோந்து பாருங்க. நாத்தம் வந்தா, குழாய் ரப்பருக்குள்ளேயே ஊறிடுச்சுன்னு அர்த்தம். எத்தனை கழுவினாலும் போகாது, மாத்தணும். விலை பேசும்போது இதைச் சொல்லிக் குறைங்க.

• கழிவுத் தொட்டி எத்தனை லிட்டர்? அமெரிக்காவில் கரையிலிருந்து 3 கடல் மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவை வெளியே விடக்கூடாது. ஒரு ஃப்ளஷுக்கு 2 லிட்டர், ஒரு நாளைக்கு 8 தடவைன்னா 16 லிட்டர். 70 லிட்டர் தொட்டி நாலே நாளில் நிரம்பும். அப்புறம் பம்ப் வெச்சு உறிஞ்சி எடுக்கணும். மெரினாவின் கழிப்பறையும் பக்கத்தில் இருந்தா இது பாதியாகும்.

4. மாசக் கணக்கு

கீழே உள்ளது புரியறதுக்கான உதாரணம்தான். உங்க மெரினா ரேட்டைப் போட்டுக்கோங்க.

படகு நிறுத்தும் வாடகை (30 அடி × 15 டாலர்): 450
குடியிருக்கும் கட்டணம்: 350
இன்சூரன்ஸ்: 50
கழிவு அகற்றல், கரண்ட்: 100
ரிப்பேர் நிதி: 300
மொத்தம்: 1,250 டாலர்

2,500 டாலர் வாடகையோடு ஒப்பிட்டா மாசம் 1,250 மிச்சம்.

ஆரம்பச் செலவு: படகு 15,000, சர்வேயர் 800, வாங்கும்போது வரி 1,400, முதல் ரிப்பேர் 4,000. ஆக 21,200 டாலர். போட்ட காசு திரும்ப 17 மாசம். அதுக்கு முன்னாடி வெளியே வந்தா, படகு என்ன விலைக்குப் போகுதோ அதைப் பொறுத்துத்தான் லாபமா நஷ்டமான்னு தெரியும். இதுல ரிப்பேர் நிதியை மட்டும் வெட்டாதீங்க. பழைய படகு, வாங்கின விலையைப் பார்த்து செலவு வைக்காது!

5. வரிச் சலுகை உண்டா?

இது சுவாரஸ்யம். ஐஆர்எஸ் கணக்குப்படி தூங்க, சமைக்க, டாய்லெட் போக வசதி இருந்தா படகும் 'வீடு'தான்! அந்தப் படகையே அடமானமா வெச்சு எடுத்த கடனுக்கு, வீட்டுக்கடன் மாதிரி வட்டிக் கழிவு கேட்கலாம். பர்சனல் லோன் என்றால் கிடையாது.

ஆனா சின்னக் கடனுக்கு வட்டியே சில நூறு டாலர்தான் வரும். ஸ்டாண்டர்ட் டிடக்ஷன் எடுக்கிறவங்களுக்கு இதால பைசா பிரயோஜனம் இல்லை. வரிக்காக படகு வாங்காதீங்க.

6. அனுமதி முதலில், படகு அப்புறம்

சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒரு மெரினாவின் மொத்த இடத்தில் 10 சதவீதம் வரைக்கும்தான் குடியிருக்க விடுவாங்க. விற்கிறவருக்கு அனுமதி இருந்தாலும், அது பெரும்பாலும் படகோடு சேர்ந்து உங்களுக்கு வராது. மெரினா ஆபீஸில் எழுத்தில் வாங்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

என் நண்பன் இதை விசாரிக்கவே இல்லை. மறுநாள் போன் பண்ணினான், வெயிட்டிங் லிஸ்ட்னு பதில். அட்வான்ஸ் கொடுக்கலை. பேரைப் பதிவு பண்ணிட்டு, ரெண்டு பேருமா சனிக்கிழமை தோறும் 30 அடி படகுகளில் கதவைச் சாத்தி உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்காங்க!

நான் இந்திய சிஏ. அமெரிக்க வரி விஷயத்தை அங்கே உள்ள சிபிஏ ஒருத்தர்கிட்ட உறுதி பண்ணிக்கோங்க. மாசக் கணக்கை எக்செல்லில் போட்டுக் காட்டுற வீடியோ நம்ம சேனலில் வருது. உங்க ஊர் மெரினா ரேட்டை கமெண்டில் போடுங்க, சேர்ந்து கணக்குப் போடுவோம்.