எந்த ஊர் போனாலும் ரேஷன் உண்டு

வேலை தேடிப் பலர் ஊர் விட்டு ஊர் போகிறார்கள். துணிமணி எடுத்துப் போகிறார்கள். பாத்திரம் பண்டம் எடுத்துப் போகிறார்கள். ஆனால் ரேஷனை மட்டும் ஊரோடு மறந்துவிடுகிறார்கள். "நம்ம ஊர் கார்டு வெளி மாநிலத்தில் செல்லுமா?" என்று நினைக்கிறார்கள்.

செல்லும். எந்தக் கார்டு செல்லும்? எவ்வளவு கிடைக்கும்? எப்படிக் கேட்டு வாங்குவது? இந்தப் பாடத்தில் படியுங்கள்.

தகரக் கொட்டகையில் ஒரு குடும்பம்

பெங்களூரில் ஒரு பெரிய கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. திருவண்ணாமலை மாவட்டத்திலிருந்து பல குடும்பங்கள் அங்கே வேலைக்கு வந்திருந்தன. தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். அங்கே ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவார்கள். செங்கத்திலிருந்து வந்தவள் செங்கத்துக்காரி. ஆரணியிலிருந்து வந்தவர் ஆரணி அக்கா.

செங்கத்துக்காரி சித்தாள் வேலை பார்த்தாள். அவள் கணவன் கொத்தனார். இரண்டு பிள்ளைகளும் கூட இருந்தார்கள். மாமியார் மட்டும் ஊரில் இருந்தார்.

ஒரு மாதம் விடாத மழை. பத்து நாள் வேலை இல்லை. கூலியும் இல்லை. மளிகைக் கடையில் கடன் ஏறியது. "பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் அரிசி" என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அன்று இரவு பிள்ளைகள் கஞ்சி குடித்துவிட்டுப் படுத்தார்கள். பெரியவர்களுக்குக் கஞ்சியும் இல்லை.

காலையில் செங்கத்துக்காரி ஆரணி அக்காவிடம் போனாள். அரிசி கைமாற்றுக் கேட்டாள். அக்கா அரிசி கொடுத்தார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்.

"உன் ரேஷன் கார்டு எங்கே, தங்கச்சி?"

"ஊரில் அத்தைகிட்ட இருக்கு, அக்கா. போனில் போட்டோ மட்டும் இருக்கு."

"அது போதும். கார்டு நம்பர் சொன்னால் போதும். இல்லாவிட்டால் ஆதார் நம்பர் சொல்லலாம். நான் இங்கே மாதா மாதம் வாங்குறேன்."

"தமிழ்நாட்டுக் கார்டுக்குக் கர்நாடகத்தில் கொடுப்பாங்களா, அக்கா?"

"கொடுக்கணும். அது அவங்க தயவு இல்லை. சட்டம்."

எந்தக் கார்டு செல்லும்?

அக்கா அந்தப் போட்டோவை வாங்கிப் பார்த்தார். தமிழ்நாட்டு ஸ்மார்ட் கார்டில் கார்டின் வகை ஆங்கில எழுத்தில் அச்சாகியிருக்கும். பி.எச்.எச். என்று இருந்தால் முன்னுரிமைக் குடும்பம். பி.எச்.எச்.-ஏ.ஏ.ஒய். என்று இருந்தால் அந்தியோதயா குடும்பம். இந்த இரண்டு கார்டும் வெளி மாநிலத்தில் செல்லும்.

முன்னால் 'என்' என்ற எழுத்துச் சேர்ந்து என்.பி.எச்.எச். என்று இருந்தால் அது முன்னுரிமை இல்லாத கார்டு. அதற்குத் தமிழ்நாட்டில்தான் பொருள் கிடைக்கும். வெளி மாநிலத்தில் கிடைக்காது. ஒரே ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். அதைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

செங்கத்துக்காரியின் கார்டில் பி.எச்.எச். என்று இருந்தது. முன்னால் வேறு எழுத்து இல்லை.

"கார்டில் எத்தனை பேர்?" என்று அக்கா கேட்டார்.

"அஞ்சு பேர், அக்கா."

"ஆளுக்கு 5 கிலோ. அஞ்சு பேருக்கு எவ்வளவு?"

செங்கத்துக்காரி ஊரில் மாலை வகுப்பில் படித்தவள். கணக்குப் போட்டாள். "25 கிலோ" என்றாள்.

"உன் மாமியார் பங்கு 5 கிலோ ஊரில் இருக்கட்டும். மீதி 20 கிலோவை நீ இங்கே வாங்கிக்கோ. ஒரே கார்டில் இரண்டு இடத்திலும் வாங்கலாம். மொத்தத்தையும் நீயே வாங்கிவிட்டால் ஊரில் கிழவி பங்கு குறைந்துபோகும்."

ரேஷன் கடையில் நடந்தது

இருவரும் பக்கத்துத் தெரு ரேஷன் கடைக்குப் போனார்கள். கடைக்காரருக்குத் தமிழ் தெரியும். "வெளி மாநிலக் கார்டுக்கு இங்கே இல்லை" என்றார்.

ஆரணி அக்கா சண்டை போடவில்லை. "அண்ணா, மிஷினில் நம்பரைப் போட்டுப் பாருங்க" என்றார்.

கடைக்காரர் போட்டார். திரையில் அந்தக் குடும்பத்தின் விவரம் வந்தது.

அடுத்து விரல் ரேகை வைக்க வேண்டும். செங்கத்துக்காரி வலது கட்டை விரலை வைத்தாள். மிஷின் ஏற்கவில்லை. சிமெண்டில் வேலை செய்யும் கைகளில் ரேகை தேய்ந்துபோகும். அக்கா அவளைக் கை கழுவச் சொன்னார். ஈரம் போகத் துடைக்கச் சொன்னார். வேறு விரலை வைக்கச் சொன்னார். இடது கை ஆள்காட்டி விரலை மிஷின் ஏற்றுக்கொண்டது. ரசீது வந்தது.

ரசீதின் எழுத்து செங்கத்துக்காரிக்குப் புரியவில்லை. ஆனால் எண்கள் புரிந்தன. எண் எல்லா ஊருக்கும் பொது. அதில் 20 என்று இருந்தது.

கடைக்காரர் அரிசியை அளந்தார். "எடுத்துக்கோம்மா" என்றார். அவள் தராசைப் பார்த்தாள். 17 என்று காட்டியது. அவள் பையை எடுக்கவில்லை.

"அண்ணா, ரசீதில் 20 இருக்கு. தராசில் 17 இருக்கு."

"எல்லாருக்கும் இப்படித்தான்மா. சேதாரம் போகும்."

"20 கிலோ வாங்கினதாக ரசீது சொல்லுதே, அண்ணா. மீதி 3 கிலோ யார் கணக்கு?"

அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் வரிசையில் நின்றவர்கள் காதில் விழுந்தது. இரண்டு பேர் தங்கள் ரசீதை எடுத்துப் பார்த்தார்கள். கடைக்காரர் பேசாமல் இன்னும் 3 கிலோ போட்டார். தராசு 20 காட்டியது.

மூன்று கிலோ அரிசி அந்தக் குடும்பத்துக்கு இரண்டு நாள் சோறு. எண் படிக்கத் தெரியாவிட்டால் அந்தச் சோறு போயிருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது?

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013-ல் வந்தது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ தானியம் உண்டு. அந்தியோதயா குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ உண்டு. அங்கே ஆள் கணக்கு இல்லை. குடும்பக் கணக்குத்தான்.

முதலில் அரிசி கிலோ 3 ரூபாய், கோதுமை 2 ரூபாய் என்று விலை இருந்தது. 2023 ஜனவரி முதல் இலவசம். 2024 ஜனவரி முதல் இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு இலவசம் என்று மத்திய அரசு அறிவித்தது. எனவே இந்தத் தானியத்துக்குக் கடைக்காரர் பணம் கேட்கக் கூடாது.

வெளி மாநிலத்தில் வாங்கும் திட்டத்துக்கு 'ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு' என்று பெயர். 2019-ல் நான்கு மாநிலங்களில் தொடங்கியது. தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. 2022 ஜூனில் அசாம் சேர்ந்தது. அதோடு நாடு முழுவதும் வந்துவிட்டது. இதற்காகப் புதுக் கார்டு எடுக்க வேண்டாம். பழைய கார்டை ரத்து செய்யவும் வேண்டாம். கார்டில் ஆதார் எண் இணைந்திருக்க வேண்டும். பெயர் உள்ள யார் வேண்டுமானாலும் ரேகை வைத்து வாங்கலாம்.

எது கிடைக்காது?

தமிழ்நாட்டில் துவரம் பருப்பு, பாமாயில் கிடைக்கும். அவை மாநில அரசு தருபவை. வெளி மாநிலத்தில் கிடைக்காது. மத்திய அரசின் தானியம் மட்டும் கிடைக்கும். அதுவும் அந்த ஊரில் என்ன தானியம் தருகிறார்களோ அதுதான். ஓர் ஊரில் அரிசி தருவார்கள். ஓர் ஊரில் கோதுமை தருவார்கள். கர்நாடகத்தில் ராகியும் தருவது உண்டு.

பெரிய சூப்பர் மார்க்கெட்டில் இந்தக் கார்டைக் காட்டி அரிசி வாங்க முடியாது. ரேஷன் கடைக்குத்தான் போக வேண்டும். அந்த ஊரின் எந்த ரேஷன் கடைக்கும் போகலாம்.

தடை வந்தால் என்ன செய்வது?

ரேகை விழாவிட்டால் வேறு விரலை வையுங்கள். குடும்பத்தில் வேறு ஒருவரை அழைத்துப் போங்கள். கண் கருவிழியை வைத்துப் பதிவு செய்யும் வசதியும், போனுக்கு வரும் எண்ணைச் சொல்லி வாங்கும் வசதியும் பல இடங்களில் உண்டு. கேளுங்கள்.

கடைக்காரர் கொடுக்க மறுத்தால் 14445 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். வெளி மாநிலத்தில் ரேஷன் வாங்குபவர்களுக்கான எண் அது. எடை குறைந்தாலும் வேறு குறை இருந்தாலும் 1967 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். மாவட்டந்தோறும் குறை தீர்க்கும் அதிகாரி உண்டு. அவரிடம் எழுதியும் கொடுக்கலாம்.

நினைவில் வையுங்கள்

1. வெளியூர் போகும்போது கார்டு எண்ணை எழுதி எடுத்துப் போங்கள்.
2. முதலில் ரசீதைப் பாருங்கள். பிறகு தராசைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.
3. கார்டைக் கடையில் விட்டு வராதீர்கள். பொருள் கொடுத்த பிறகு கடைக்காரர் கார்டை வைத்துக்கொள்ளக் கூடாது.
4. வேலை நேரம், இருப்பு, புகார் செய்யும் இடம் ஆகியவற்றைக் கடையில் பலகையில் எழுதி வைக்க வேண்டும். படித்துப் பாருங்கள். மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரைக் கேளுங்கள்.

பயிற்சி

1. உங்கள் கார்டில் என்ன எழுத்து அச்சாகியிருக்கிறது? பார்த்து எழுதுங்கள்.
2. முன்னுரிமைக் கார்டில் 6 பேர் இருக்கிறார்கள். மாதம் எத்தனை கிலோ கிடைக்கும்? 2 பேர் பங்கை ஊரில் வாங்கினால் வெளியூரில் எவ்வளவு வாங்கலாம்?
3. செங்கத்துக்காரி ஏன் பையை எடுக்கவில்லை?
4. "அது அவங்க தயவு இல்லை. சட்டம்" என்று ஆரணி அக்கா ஏன் சொன்னார்? கூடிப் பேசுங்கள்.
5. உங்கள் தெருவிலிருந்து யார் யார் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார்கள்? அவர்களில் ஒருவருக்கு இந்தச் செய்தியை நான்கு வரியில் எழுதுங்கள். 14445 என்ற எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்.