கம்பெனி வண்டிதானே, ஷோரூமுக்கு என்ன நஷ்டம்?

நம்பிக்கை: "விக்கலைன்னா கம்பெனிக்கே திருப்பி அனுப்பிருவாங்க அண்ணாச்சி, அவங்களுக்கு என்ன போச்சு?"

திருநெல்வேலி வண்ணார்பேட்டை டீக்கடையில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. ஆனால் வண்டி ஆலையை விட்டுக் கிளம்பும்போதே டீலர் பெயரில் பில் விழுந்துவிடும். பணம் பெரும்பாலும் வங்கிக் கடன். லட்ச ரூபாய் பைக் ஐம்பது நிற்கிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வட்டியே ஏறக்குறைய 1,370 ரூபாய். ஒரு வண்டிகூட விற்காத ஞாயிற்றுக்கிழமைக்கும் அதே வட்டிதான். வாடகையும் சம்பளமும் தனி. 'இந்த மாதம் கம்பெனி இத்தனை வண்டி விற்றது' என்று செய்தி வந்தால், அது பெரும்பாலும் டீலர் தலையில் இறக்கிய கணக்கு.

நின்ற வண்டி சும்மாவும் நிற்காது. சீட்டின் பிளாஸ்டிக் உறைமேல் புழுதி படியும், பேட்டரி இறங்கும். ஜனவரி பிறந்தால் "இது போன வருஷத்து வண்டியால்ல?" என்று விலையைக் குறைத்துக் கேட்பார்கள்.

நம்பிக்கை: ஓலா, ஊபர் வந்ததால் சொந்த வண்டி வாங்குவது குறைந்துவிட்டது.

2019 செப்டம்பரில் மத்திய நிதி அமைச்சரே சென்னையில் இப்படி ஒரு காரணம் சொன்னார். அதற்கு முந்தைய ஆகஸ்டில் பயணிகள் வாகன விற்பனை 31.57 சதவீதமும் இருசக்கர வாகன விற்பனை 22.24 சதவீதமும் சரிந்திருந்தன. முக்கூடலில் பீடி சுற்றுகிறவர் வீட்டுப் பையனுக்கு ஊபர் எங்கே வருகிறது? அவனுக்கு வேண்டியது தவணை. 2018 செப்டம்பரில் ஐஎல்&எஃப்எஸ் என்ற நிதி நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் விழ, வங்கி அல்லாத நிதி நிறுவனங்களுக்குப் பணம் வருவது இறுகியது. அவைதான் பைக் கடனில் பெரும்பகுதியைக் கொடுத்துவந்தவை. அதே மாதம் பைக்குக்கு 5 ஆண்டு, காருக்கு 3 ஆண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை ஒரேயடியாகக் கட்ட வேண்டும் என்ற விதியும் வந்து, கையில் வைக்கவேண்டிய தொகை கூடியது. வாங்க ஆசை இருந்தது, முன்பணம் புரளவில்லை. 2019 ஏப்ரல் வரையிலான 18 மாதங்களில் நாடெங்கும் 286 ஷோரூம்கள் மூடப்பட்டதாக டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா சொன்னது.

ஆடியில் ஷோரூம் ஈயாடுவதைப் பார்த்து மந்தம் என்பவர்களும் உண்டு. அது ஆயுதபூஜைக்குத் தள்ளிப்போன வியாபாரம். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் பிசானம் அறுத்துக் கையில் காசு வந்த பிறகும் பைக் வாங்க ஆள் வராவிட்டால், அதுதான் மந்தம்.

வரி குறைந்தால் டீலருக்குக் கொண்டாட்டம் என்பதும் பாதி உண்மைதான். 2025 ஆகஸ்ட் 15-ல் ஜிஎஸ்டி குறையும் என்று அறிவிப்பு வந்தது. செப்டம்பர் 22-ல் 350 சிசி வரையிலான பைக்குகளுக்கு 28 சதவீதம் 18 ஆனது. இடையிலிருந்த ஐந்து வாரம் 'குறையட்டும், வாங்கிக்கிடலாம்' என்று ஜனம் காத்திருக்க, வட்டி மட்டும் காத்திருக்கவில்லை.

மந்தக் காலத்தில் பெரிய தள்ளுபடியோடு வண்டி கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். ஆனால் தயாரிப்பு மாதத்தைக் கேட்டு, பேட்டரியைச் சோதிக்கச் சொல்லிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.