காஸ் தீராது, கசியும்: வாகன ஏ.சி. பழுது பார்க்கும் பாடம்



எஹலியகொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் வேன் ஓட்டும் தம்பி ஒருவரைச் சந்தித்தோம். லீசிங்கில் எடுத்த வேன். காலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றுவார். இராத்திரியில் யாருக்காவது பிரசவ வலி வந்தால், இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குப் போக அவர் லயத்துக் கதவைத்தான் தட்டுவார்கள். வெளிநாடு போகிறவர்களைக் கட்டுநாயக்கவில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான்.

"ஏ.சி. இல்லாட்டி கொழும்பு ஹயர் ஒண்ணும் வராதுங்க. இந்த வருஷம் மூணு தடவை காஸ் அடிச்சேன். ரெண்டு மாசத்துல திரும்பவும் சூட்டுக் காத்துதான் வருது. நான் லீசிங் கட்டுறதா, காஸ் அடிக்கிறதா?" என்று கேட்டார்.

விஷயம் தெரிந்த பாஸ் ஒருவரிடம் வேனைக் காட்டினோம். அவர் முதலில் காஸ் போத்தலைத் தொடவில்லை. சவர்க்கார நுரையைக் குழாய் மூட்டுகளில் தடவினார். ஒரு மூட்டில் சின்னச் சின்னக் குமிழி வந்தது. உள்ளே இருந்த இறப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. புது வளையத்தின் விலை, ஒரு தடவை காஸ் அடிக்கக் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

வாகனம் வைத்திருப்பவர்களுக்கும், கராஜில் தொழில் பழகும் எங்கள் பிள்ளைகளுக்கும் இந்தப் பாடம் உதவும் என்று நம்புகிறோம்.

ஏ.சி. எப்படிக் குளிர் தருகிறது?

டிஸ்பென்சரியில் ஊசி போடுவதற்கு முன் கையில் ஸ்பிரிட் தடவுவார்கள். உடனே அந்த இடம் சில்லென்று இருக்கும். ஸ்பிரிட் ஆவியாகும்போது தோலிலுள்ள சூட்டை எடுத்துக்கொண்டு போவதே காரணம். ஏ.சி.யில் நடப்பதும் இதுதான். ஆனால் ஏ.சி.யில் ஆவியானது வெளியே போய்விடாமல், திரும்பவும் திரவமாகி வேலைக்கு வருகிறது.

இதற்கு நான்கு உறுப்புகள் வேண்டும். எஞ்சின் பெல்ட்டினால் சுற்றும் கொம்பிரசர் காஸை அழுத்துகிறது. சைக்கிளுக்குக் காற்று அடிக்கும்போது பம்ப் சுடுவதைப்போல, அழுத்திய காஸும் சூடாகிறது. வாகனத்தின் முன்பக்கத்திலோ அடியிலோ இருக்கும் கண்டென்சர் அந்தச் சூட்டை வெளிக்காற்றுக்குக் கொடுக்க, காஸ் திரவமாகிறது. அந்தத் திரவம் எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சிறு துளை வழியே பாய்ந்து, கூலிங் கொயில் உள்ளே ஆவியாகிக் குளிர்கிறது. கொயில் ஊடாக வரும் காற்றே நம் முகத்தில் படுகிறது. வழியில் ட்ரையர் என்றொரு சிறு போத்தலும் உண்டு. ஈரத்தை உறிஞ்சுவது அதன் வேலை.

இந்த வட்டம் முழுவதும் மூடிய வட்டம். பெற்றோல் எரிந்து தீர்வதுபோல ஏ.சி. காஸ் தீர்வதில்லை. பல வருடங்களில் குழாய் வழியே கொஞ்சம் குறையலாம். சில மாதங்களில் குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்றுதான் அர்த்தம். இந்தப் பாடத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கக் கூடாது.

முதலில் கண், காது, கை

ஆயுதப் பெட்டியைத் திறக்க முன் கவனிக்க வேண்டியவை:

1. காற்று வருகிறதா? வராவிட்டால் குற்றம் காஸில் இல்லை. பியூஸ், ரிலே, புளோவர் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள்.

2. ஏ.சி. சுவிட்சைப் போட்டதும் கொம்பிரசர் பக்கம் 'டிக்' என்ற சத்தம் கேட்கிறதா? கிளச் பிடிக்கும் சத்தம் அது. கேட்காவிட்டால் கரண்ட் வராமல் இருக்கலாம்; காஸ் மிகவும் குறைந்ததால் பிரஷர் சுவிட்ச் தடுத்தும் இருக்கலாம். அந்தச் சுவிட்சை வயரால் இணைத்துவிட்டுத் தொடர்ந்து ஓட்டாதீர்கள். கொம்பிரசருக்குத் தேவையான எண்ணெயைச் சுற்றிக் கொண்டுவருவது காஸ்தான். காஸ் இல்லாமல் ஓடினால் கொம்பிரசர் இறுகிப்போகும்.

3. பெல்ட் தளர்ந்திருக்கிறதா? கண்டென்சர் பேன் சுற்றுகிறதா? கண்டென்சர் தகடுகளில் சேறு, இலைச்சருகு அடைத்திருக்கிறதா? தோட்டத்துப் பாதையில் ஓடும் வாகனங்களில் இது சாதாரணம். மெதுவான தண்ணீரால் கழுவுங்கள். வேகமாக அடித்தால் தகடு மடங்கிவிடும்.

4. குழாய் மூட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் ஒட்டியிருக்கிறதா? காஸ் கசியும் இடத்தில் எண்ணெயும் கசியும். பாதி ஓட்டைகளைக் கண்ணே காட்டிக்கொடுக்கும்.

5. பேனுக்கும் பெல்ட்டுக்கும் கையையும் சட்டையையும் தூரமாக வைத்துக்கொண்டு, உள்ளிருந்து கொம்பிரசருக்கு வரும் பெரிய குழாயைத் தொட்டுப் பாருங்கள். அது குளிர்ந்து வியர்த்திருக்க வேண்டும். கொம்பிரசரிலிருந்து வெளியே போகும் குழாய் கடும் சூடாக இருக்கும், அதைத் தொடாதீர்கள்.

வாகனத்தின் அடியில் தண்ணீர் சொட்டினால் சிலர் பயப்படுகிறார்கள். அது காஸ் இல்லை. காற்றிலுள்ள ஈரம் கொயிலில் பட்டுத் தண்ணீராக வருகிறது. வருடத்துக்கு 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் எங்கள் இரத்தினபுரிப் பக்கத்தில் அது அதிகமாகவே சொட்டும். சொட்டாமல் உள்ளே கார்ப்பெட் நனைந்தால்தான் வடிகுழாய் அடைத்திருக்கிறது என்று அர்த்தம்.

சாரதி சொல்வதைக் கேளுங்கள்

நல்ல டொக்டர் நோயாளியிடம் முதலில் கதை கேட்பார். நல்ல மெக்கானிக்கும் அப்படித்தான்.

"ஓடும்போது குளிருது, அவிசாவளை டிராபிக்ல நின்னா சூடாகுது" என்றால் கண்டென்சர் பேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்று பேனின் வேலையைச் செய்கிறது. நின்றால் அது இல்லை.

"அரை மணி நேரம் நல்லா குளிருது, பிறகு நிக்குது. கொஞ்ச நேரம் நிப்பாட்டி வச்சா திரும்ப குளிருது" என்றால் உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். அந்த ஈரம் வால்வின் துளையில் ஐஸாகி அடைக்கிறது. நிறுத்தினால் உருகி வழி விடுகிறது. மழை நாளில் குழாயைக் கழற்றித் திறந்தபடி விட்ட வாகனத்தில் இது வரும்.

"கொஞ்சம் கொஞ்சமா குளிர் குறைஞ்சு போச்சு" என்றால் பெரும்பாலும் கசிவுதான்.

கேஜ் சொல்லும் கணக்கு

கேஜ் செட்டில் இரண்டு வட்டங்கள் உண்டு. நீலம் தாழ் அழுத்தப் பக்கம், சிவப்பு உயர் அழுத்தப் பக்கம். ஆர்-134ஏ காஸ் உள்ள வாகனத்தில், வெளியே சுமார் 30 பாகை வெப்பமுள்ள நாளில் ஏ.சி. ஓடும்போது, நீலம் ஏறக்குறைய 25 முதல் 45 பி.எஸ்.ஐ. வரையும், சிவப்பு 150 முதல் 250 வரையும் காட்டும். வாகனத்துக்கு வாகனம் கொஞ்சம் மாறும்.

- இரண்டும் குறைவு: காஸ் குறைவு. ஓட்டையைத் தேடுங்கள்.
- இரண்டும் அதிகம்: காஸ் கூடிவிட்டது, அல்லது கண்டென்சர் அடைப்பு, அல்லது பேன் சுற்றவில்லை.
- நீலம் அதிகம், சிவப்பு குறைவு: கொம்பிரசர் உள்ளே தேய்ந்துவிட்டது.
- நீலம் பூச்சியத்துக்குக் கீழே போகிறது: வால்விலோ ட்ரையரிலோ அடைப்பு.

ஏ.சி. நிற்கும்போது கேஜைப் பார்த்து "காஸ் நிறைய இருக்கு" என்று முடிவு செய்யக் கூடாது. சமையல் காஸ் சிலிண்டரில் கடைசிவரை அழுத்தம் இருப்பதைப்போல, உள்ளே கொஞ்சம் திரவம் மிஞ்சியிருந்தாலும் கேஜ் நன்றாகவே காட்டும்.

திருத்தும் ஒழுங்கு

முதலில் ஓட்டை. சவர்க்கார நுரை, நிறச் சாயம், கசிவு காட்டும் கருவி ஆகியவற்றில் எது கிடைத்தாலும் தேடுங்கள். உள்ளே காஸே இல்லாவிட்டால், உலர்ந்த நைதரசனை ரெகுலேற்றர் மூலம் அளவாக ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஒட்சிசன் சிலிண்டரை ஒருபோதும் மாட்டாதீர்கள். எண்ணெயோடு சேர்ந்தால் வெடிக்கும்.

இரண்டாவது, பழுதான வளையத்தையோ குழாயையோ மாற்றுங்கள். வட்டத்தைத் திறந்தால் ட்ரையரையும் மாற்றுவது நல்லது.

மூன்றாவது, வெக்கியூம் பம்ப் போட்டு அரை மணி நேரமாவது காற்றையும் ஈரத்தையும் இழுங்கள். பிறகு பம்பை நிறுத்தி முள்ளைக் கவனியுங்கள். முள் திரும்பி வந்தால் இன்னும் ஓட்டை உண்டு. கொழும்பில் முள் 29 அங்குலத்துக்குமேல் போகலாம். 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் குறைவு என்பதால் ஏறக்குறைய 24 அங்குலத்திலேயே நிற்கும். மலைநாட்டில் வேலை செய்யும் பிள்ளைகள், பம்ப் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

நான்காவது, காஸைத் தராசில் நிறுத்து ஏற்றுங்கள். எவ்வளவு என்பது பொனட்டுக்கு அடியிலுள்ள லேபலில் கிராமில் எழுதியிருக்கும். கொழுந்து நிறுக்கும்போது ஒரு கிலோ குறைந்தாலும் நாம் கேட்கிறோம் அல்லவா? காஸ் அடிக்கும்போதும் "எத்தனை கிராம் போட்டீங்க? ஓட்டை எங்க இருந்துச்சு?" என்று கேளுங்கள். பணம் கொடுப்பவருக்குக் கேட்க உரிமை உண்டு.

உயிருக்கு ஆபத்தானவை

திரவக் காஸ் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் வேலை செய்யாதீர்கள். காஸ் இருக்கும் குழாயில் வெல்டிங் நெருப்பைக் காட்டாதீர்கள், நச்சுப் புகை வரும். மலிவு என்று சமையல் காஸை ஏ.சி.யில் ஏற்ற விடாதீர்கள். கூலிங் கொயில் ஆட்கள் இருக்கும் பக்கம் இருக்கிறது. அங்கே கசிந்தால் ஒரு சிறு பொறி போதும்.

ஹைபிரிட் வாகனங்களில் கொம்பிரசரை மின்சாரம் சுற்றுகிறது. செம்மஞ்சள் நிறக் கேபிளில் நூறு வோல்ற்றுக்கும் மேல் ஓடும். அதற்குரிய பயிற்சி இல்லாதவர் அதைத் தொடக் கூடாது. அதற்கு ஊற்றும் எண்ணெயும் வேறு.

காஸை ஏன் காற்றில் விடக் கூடாது?

பழைய வாகனங்களில் இருந்தது ஆர்-12 காஸ். சூரியனின் கடும் கதிரைத் தடுக்கும் ஓசோன் படையை அது அரித்தது. அதனால் 1987இல் மொன்றியல் உடன்படிக்கை உருவானது. இலங்கை 1989இல் அதில் சேர்ந்தது. 1990களின் நடுப்பகுதியிலிருந்து புது வாகனங்களில் ஆர்-134ஏ வந்தது. இது ஓசோனைக் கெடுப்பதில்லை. ஆனால் பூமியைச் சூடாக்குவதில் ஒரு கிலோ ஆர்-134ஏ, ஆயிரம் கிலோவுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். அதையும் படிப்படியாகக் குறைக்க 2016இல் கிகாலியில் நாடுகள் உடன்பட்டன. மழை தப்பினால் கொழுந்து குறைகிறது, கொழுந்து குறைந்தால் பேர் குறைகிறது. அதை அனுபவிப்பவர்கள் நாம்தான். ஆகவே பழைய காஸைத் திறந்துவிடாமல், மீட்கும் இயந்திரத்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

தொழில் பழகும் பிள்ளைகளுக்கு

கராஜில் பழகிய கை இருந்தும் சான்றிதழ் இல்லாததால் பல பிள்ளைகள் கையாளாகவே நின்றுவிடுகிறார்கள். தேசிய தொழிற் தகைமை முறையில், பாடநெறிக்குப் போகாமல் வேலை செய்து பழகியவரும் தன் திறமையைக் காட்டி மதிப்பீடு பெற வழி உண்டு. தொழிற் பயிற்சி அதிகாரசபை நிலையத்திலோ 'நைட்டா' அலுவலகத்திலோ விசாரியுங்கள். அதுவரை ஒரு கொப்பி வைத்து, பார்த்த பழுது, கேஜ் காட்டிய அளவு, கண்ட காரணம் மூன்றையும் எழுதி வாருங்கள்.

அந்த வேன் தம்பி இப்போது காஸுக்குப் பணம் கட்டுவதில்லை. "ஓட்டையை அடைச்சாத்தான் தண்ணி நிக்கும்னு வீட்டுப் பீப்பாய்ல தெரிஞ்சது, வேன்ல தெரியாம போச்சே" என்று சிரித்தார்.

மீட்டல் வினாக்கள்

1. ஏ.சி. காஸ் ஏன் பெற்றோலைப்போலத் தீர்வதில்லை?
2. நின்றால் சூடு, ஓடினால் குளிர். எதைப் பார்ப்பீர்கள்?
3. இரண்டு கேஜும் குறைவாகக் காட்டினால் முதல் வேலை என்ன?
4. காஸை ஏன் நிறுத்து ஏற்ற வேண்டும்?

வீட்டிலுள்ள பிள்ளைகளோடு சேர்ந்து விடை சொல்லிப் பாருங்கள்.