ஓடுற ஜாபை எப்போ நிறுத்தலாம்? அக்கா டிப்ஸ்

தம்பி, கிளஸ்டர் உன் பொறுப்புக்கு வந்துட்டா, "என்னோடது அவசரம், ஓடிட்டிருக்கிறதை நிறுத்திட்டு இடம் கொடு"ன்னு தினம் ஒருத்தர் வந்து நிப்பார். கேக்கிறவர் எவ்வளவு பெரிய ஆள்னு பாக்காதே. நிறுத்தினா எவ்வளவு வேலை வீணாகும்னு பாரு.

அரை மணிக்கொரு தடவை செக்பாயிண்ட் எழுதுற, அதாவது அதுவரை நடந்ததை டிஸ்க்ல சேமிக்கிற, டிரெயினிங் ஜாபை எந்த நிமிஷம் நிறுத்தினாலும் போறது அதிகபட்சம் அரை மணி நேர வேலைதான். செக்பாயிண்டே இல்லாம 8 ஜிபியுல ரெண்டு நாளா ஓடுறதுன்னா, 384 ஜிபியு மணி நேரம் குப்பைக்கு! அதனால குறைஞ்ச முன்னுரிமை க்யூவுக்கு ஒரே நிபந்தனை: செக்பாயிண்ட் எழுதுற ஜாபுக்குத்தான் இடம். பதிலுக்கு, சும்மா கிடக்குற ஜிபியு எல்லாம் அவங்களுக்கு.

ஜாப்களை வரிசைப்படுத்துற ஸ்லர்ம்ல, நிறுத்தின ஜாப் மறுபடி வரிசைக்கே போற ரீக்யூ முறையை வை. சஸ்பெண்ட் பண்ணலாமேன்னு தோணும். பண்ணினா, பஸ் சீட்ல துண்டைப் போட்டுட்டு டீ குடிக்கப் போனவர் மாதிரி, அந்த ஜாபோட மெமரி அங்கேயே கிடக்கும். புதுசா வர்ற ஜாப் எங்கே உக்காரும்?

நிறுத்தச் சொன்னதுக்கும் கொல்றதுக்கும் நடுவுல கொடுக்கிற அவகாசம்தான் கிரேஸ் டைம். ஸ்லர்ம்ல நீ வைக்கலைன்னா அது பூஜ்யம். குபர்னெட்டிஸ்ல 30 விநாடி. பெரிய மாடலை டிஸ்க்ல எழுத அது பத்தாது. எழுத எவ்வளவு நேரமாகுதுன்னு அளந்து, அதுக்கு ரெண்டு மடங்கு கொடு. நிறுத்தச் சொல்ற சிக்டெர்ம் சிக்னல் பைத்தான் வரைக்கும் போய்ச் சேருதான்னும் பாத்துக்கோ. கன்டெய்னர்ல பேஷ் ஸ்கிரிப்ட் முன்னாடி நின்னா சிக்னலை அதுவே வாங்கி வெச்சுக்கும், பைத்தானுக்குத் தெரியவே தெரியாது. ஸ்கிரிப்ட்ல பைத்தானைக் கூப்பிடுற கடைசி வரியோட முன்னாடி எக்ஸெக் சேர்த்தாப் போதும்.

ஒரே முன்னுரிமைல இருக்கிறவங்க ஒருத்தரை ஒருத்தர் தள்ள விடாதே. கூகுள் தன்னோட கிளஸ்டர் மேலாண்மை சிஸ்டமான 'போர்க்' (Borg) பத்தி 2015ல வெளியிட்ட கட்டுரையிலயே, புரொடக்‌ஷன் வேலைகள் ஒண்ணையொண்ணு தள்ளக் கூடாதுன்னு விதி இருக்கு. இல்லைன்னா ஒண்ணு இன்னொண்ணைத் தள்ள, அது வேறொண்ணைத் தள்ளன்னு முடிவே இருக்காது. ஆரம்பிச்ச ஜாப் கொஞ்ச நேரமாவது தொந்தரவில்லாம ஓடட்டும். ஸ்லர்ம்ல அதுக்குத்தான் பிரீஎம்ப்ட் எக்ஸெம்ப்ட் டைம்.

ஜூபிட்டர் நோட்புக்ல கை வைக்காதே. பாதி யோசனை அதுக்குள்ளதான் இருக்கும். நேர வரம்பு மட்டும் போடு.

இன்னும் இருபது நிமிஷத்துல ஒண்ணு தானா முடியப் போகுதுன்னா, வந்தவரை உக்கார வை. குபர்னெட்டிஸ்ல பிரீஎம்ப்ஷன் பாலிசிக்கு 'நெவர்'னு கொடுத்தா ஜாப் வரிசையில முன்னாடி போகும், ஆனா யாரையும் எழுப்பி விடாது. "அவசரம்"னு வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு அது போதும்டா.