கையை வைத்தாலும் அடங்காத கிட்டார்

கேள்வி: என் ஸ்ட்ராட் வகை கிட்டாரில் டிஸ்டார்ஷன் போட்டு வாசித்துவிட்டு, தந்திகளைச் சட்டென்று அடக்கினாலும் ஒரு ரீங்காரம் நீடிக்கிறது. ஆம்ப் அருகே போனால் ஊளையிடுகிறது. பிக்கப்பை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஆம்பை அணைத்துவிட்டு, தந்திகளை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு கிட்டாரின் முதுகைத் தட்டுங்கள். ‘டொய்ங்’ என்று கேட்டால் குற்றவாளி ட்ரெமோலோ ஸ்பிரிங்தான். 1954இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்ததிலிருந்தே இந்த வடிவத்தோடு ஒட்டிய குணம் இது. தந்திகளின் இழுவிசைக்கு எதிராக முதுகுக் குழிக்குள் ட்ரெமோலோவின் உலோகக் கட்டையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள், தந்தி ஓய்ந்த பிறகும் அதிரும்.

பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகுங்கள். அது ஸ்பிரிங்கை லேசாகத் தொட்டால் போதும். உலோகக் கட்டை அசையும் இடத்தில் திணித்துவிட்டால் ட்ரெமோலோ கை சிக்கும், சுருதியும் போகும். நட்டுக்கு அப்பால், தலைப்பக்கம் அதிரும் தந்திகளுக்குப் பெண்கள் தலையில் போடும் ரப்பர் பேண்டே போதும். அதற்கென்று விற்கும் பட்டைகளைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

அதன் பிறகும் ஊளை இருந்தால், ஆம்பைப் போட்டு, பிக்கப்பின் மேல் பிளாஸ்டிக் பேனாவால் தட்டுங்கள். மெல்லிய ‘டொக்’ சகஜம். மைக்கில் தட்டியதுபோல் பலமாகக் கேட்டால், உள்ளே கம்பிச்சுற்று தளர்ந்திருக்கலாம். உருகிய மெழுகில் முக்கிச் சரிசெய்வார்கள். அதை வீட்டு அடுப்பில் முயலவேண்டாம்: மெழுகு தீப்பிடிக்கும், கம்பி சுற்றியிருக்கும் பாபின் உருகும். கிட்டார் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். புது பிக்கப் வாங்குவது கடைசி யோசனையாக இருக்கட்டும்.