வளவு திருத்தமுன் கணக்கு எழுதுவோம்

2009இல் போர் முடிந்த பின்னர் நம்மில் பலர் சொந்தக் காணிக்குத் திரும்பினோம். சிலர் இன்னும் உறவினர் வளவிலும் வாடகை வீட்டிலும் இருக்கிறோம். திரும்பியவர்களுக்கு வீட்டுத் திட்டங்கள் மூலம் வீடு கிடைத்திருந்தாலும், அந்தப் பணம் பெரும்பாலும் சுவரோடும் கூரையோடும் முடிந்துவிடுகிறது. வேலி, படலை, கிணற்றடி, முற்றம், பயன்தரு மரங்கள் ஆகியவற்றை நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்த இடத்தில்தான் பல குடும்பங்கள் கடனில் விழுகின்றன. வீடு வந்த மகிழ்ச்சியில் நகையை அடைவு வைத்து முன்பக்கம் மதிலும் இரும்புக் கதவும் போடுகிறோம். பின்பக்கம் திறந்தே கிடக்கிறது. கட்டாக்காலி மாடுகள் அவ்வழியாக வந்து கன்றுகளைத் தின்றுவிடுகின்றன. நகையும் போய், தோட்டமும் போய்விடுகிறது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் செலவைக் கணக்கிட வேண்டும் என்பது பற்றிய உவமை லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரத்தில் உள்ளது. வளவு திருத்துவதற்கும் அது பொருந்தும்.

1. முதலில் காணியைப் பார்ப்போம்

செலவைப் பற்றிப் பேசுமுன் மூன்று விடயங்களை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

முதலாவது, பாதுகாப்பு. வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணி முற்றுப்பெறாத இடங்கள் இன்னும் உள்ளன. நமது காணி விடுவிக்கப்பட்டதா என்பதைக் கிராம அலுவலரிடம் கேட்டறியாமல் அலவாங்கு போடக் கூடாது. ஐயத்துக்குரிய பொருள் எதையும் கண்டால் தொடாமல், அடையாளமிட்ட தூரத்தில் நின்று அறிவிக்க வேண்டும். சந்தேகமான நிலத்தில் குப்பை கொளுத்துவதும் ஆபத்தானது.

இரண்டாவது, எல்லை. நீண்ட காலம் ஆளில்லாமல் கிடந்த காணிகளில் எல்லைக் கற்களும் பழைய வேலிகளும் மறைந்துவிட்டன. உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ வைத்துக்கொண்டு, அயலவரையும் அழைத்து எல்லையைப் பார்த்த பின்னரே கதியால் நட வேண்டும். பிழையான இடத்தில் போட்ட வேலி பிறகு வழக்காக மாறும். அந்தச் செலவை எந்தக் கணக்கிலும் எழுதி முடிக்க முடியாது.

மூன்றாவது, நீரோட்டம். ஒரு மழைக்கு வெள்ளம் எங்கிருந்து வந்து எங்கே தேங்குகிறது என்பதைப் பார்த்து, கொப்பியில் ஒரு படமாகக் கீறிக்கொள்வோம். வீடு, கிணறு, மலசலகூடம், வாசல், தாழ்வான இடம் ஆகியவற்றை அதில் குறிப்போம். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடியாவது இருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அழுக்கு விரைவாக ஊறிப் பரவும் என்பதால் இன்னும் கூடிய தூரம் தேவை. இதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுத் தீர்மானிப்பது நல்லது.

2. காசு, கை, காலம்

இனிக் கொப்பியின் ஒரு பக்கத்தை மூன்றாகப் பிரிப்போம். காசு கொடுத்தே பெற வேண்டியவை முதற் பகுதியில். நம் கையால் செய்யக்கூடியவை இரண்டாம் பகுதியில். பொறுத்திருந்தால் தாமே வந்து சேர்பவை மூன்றாம் பகுதியில்.

மண்வெட்டி, வாளி, கம்பி, ஒட்டுக்கன்று என்பன காசுப் பகுதியைச் சேர்ந்தவை. குழி வெட்டுதல், வாய்க்கால் கீறுதல், கூட்டெரு போடுதல் என்பன கைப் பகுதிக்குரியவை. நிழல், பசுந்தாட் பசளை, அடுத்த வேலிக்கான கதியால் ஆகியவற்றைக் காலம் தரும். செவ்வரத்தை, மல்லிகை, நித்தியகல்யாணி போன்ற பூச்செடிகளையும் கடையில் வாங்கத் தேவையில்லை. அயல்வீட்டில் ஒரு தடியோ விதையோ கேட்டால் போதும். அழகு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்குக் கடன் வேண்டாம் என்றே சொல்கிறோம்.

கை வேலையும் இலவசமல்ல. விதைப்புக் காலத்திலும் அறுவடைக் காலத்திலும் வளவில் நின்றால் அன்றைய கூலி இல்லாமற் போகும். ஆகவே கை வேலைகளுக்கு எதிரே எத்தனை நாள் என்று எழுதி, கூலி வேலை குறைந்த மாதங்களுக்கு அவற்றைத் தள்ளிவைப்போம்.

3. வேலியின் கணக்கு

எடுத்துக்காட்டாக, 2 பரப்புக் காணி ஒன்று 60 அடி அகலமும் 90 அடி நீளமும் உடையது என்று வைப்போம். சுற்றளவு 300 அடி. படலைக்கு 10 அடி விட்டால் வேலி 290 அடி.

முட்கம்பி வேலி என்றால் 8 அடிக்கு ஒரு தூணாக 37 தூண்களும், நான்கு வரிக்கு 1,160 அடி கம்பியும் வேண்டும். அனைத்தும் காசுப் பகுதியில் விழும்.

உயிர்வேலி என்றால் ஒன்றரை அடிக்கு ஒன்றாக ஏறக்குறைய 200 கதியால் வேண்டும். 90 அடிப் பக்கங்கள் இரண்டையும் அயலவரோடு பாதிப் பாதியாகப் பங்கிட்டால் நமக்கு 140 போதும். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை எதுவும் நல்லது. ஐப்பசி மழை தொடங்கியதும் நட்டால் தண்ணீர் ஊற்றும் வேலையும் குறையும். சீமைக்கிளுவை ஆட்டுக்குக் குழையும் வயலுக்குப் பசளையும் தரும். வேர் பிடித்துத் தளிர்க்கும்வரை கிடுகோ பனையோலையோ முட்செடியோ வைத்து அடைத்தால் ஆடு மாடு நுழையாது. கதியால் குறைவாக இருந்தால் மாடு வரும் பக்கத்தை முதலில் அடைப்போம்; பார்வைக்குத் தெரியும் பக்கம் பின்னர் வரட்டும்.

4. நூறு ரூபாவைப் பிரித்தல்

விலைகள் அடிக்கடி மாறுகின்றன. ஆகையால் கையில் உள்ள தொகை எதுவாயினும் அதை 100 ரூபாவாக எண்ணிப் பிரிப்பது இலகு. ஒரு மாதிரிப் பங்கீடு இது:

வேலி, படலை – 40
வடிகால், கிணற்றடி – 20
கன்றுகள், விதைகள் – 15
கருவிகள் – 10
ஒதுக்கு – 15

கிணறும் வேலியும் ஏற்கெனவே இருந்தால் பங்கு மாறும். ஆனால் ஒதுக்கை மட்டும் குறைக்கக் கூடாது. பட்டுப்போகும் கன்றுக்கும் உடையும் வாளிக்கும் அது வேண்டும். கன்றுகளை வாங்கும்போதும் கலந்து வாங்குவோம். பப்பாசியும் வாழையும் ஓராண்டளவில் பயன்தரத் தொடங்கும். தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் செல்லும். தென்னைக்குத் தென்னை 26 அடி இடைவெளி வேண்டுமாதலால், சிறிய வளவில் நாலைந்துக்கு மேல் நடுவது காசை மண்ணில் போடுவதாகும்.

5. தண்ணீரின் கணக்கு

வடக்கில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடுகிறது. அதன் பின் நீண்ட கோடை. 20 கன்றுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் 10 லீற்றர் வீதம் ஊற்றினால் ஒரு முறைக்கு 200 லீற்றர், அதாவது 20 வாளி. இதை யார் சுமப்பது? பெரும்பாலும் தாயும் பிள்ளைகளுமே. சுமக்க முடிந்த அளவுக்கு மட்டும் நடுவோம்.

மறுபுறம், 500 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குலம் மழை பெய்தால் ஏறக்குறைய 1,180 லீற்றர் நீர் விழுகிறது. அதை வாசலில் சேறாக்க விடாமல் ஒரு வாய்க்கால் வழியாக வாழைப் பாத்திக்கு விட்டால் நிலம் ஈரம் பிடிக்கும். குளிக்கும் நீருக்கும் இதே வழி.

6. பிறர் காணியில் இருப்போருக்கு

நாளை எழும்பச் சொன்னால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒரு மிளகாய்க் கன்றுகூட நடாமல் இருப்பவர்கள் உண்டு. நட்டு வளர்த்த மாவையும் பலாவையும் விட்டு வந்தவர்களுக்கு அந்தப் பயம் இயல்பே. ஆனாலும் வெறும் முற்றம் ஒருவருக்கும் சோறு தராது. காணிக்காரரோடு பேசி, எதை நடலாம், விளைச்சல் யாருக்கு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்வோம். கீரை, கத்தரி, வெண்டி, பயற்றை போன்று ஒரு போகத்தில் பயன் தருபவற்றை மட்டும் நிலத்தில் நடுவோம். தேசி, மாதுளை, கறிவேப்பிலை, மா ஆகியவற்றைப் பொலித்தீன் பையிலும் பழைய வாளியிலும் வளர்ப்போம். போகும் நாளில் அவையும் நம்மோடு வண்டியேறும்.

பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு இறைவாக்கினர் எரேமியா எழுதிய கடிதம் அவர் நூலின் 29ஆம் அதிகாரத்தில் உள்ளது. அந்நிய மண்ணிலும் தோட்டம் போடும்படி அதில் சொல்லப்பட்டிருக்கிறது. ஊர் திரும்புவோம் என்ற நம்பிக்கையைக் கைவிடும்படி அக்கடிதம் கூறவில்லை.

குழுவாகச் செய்து பார்க்க

• ஒவ்வொரு குடும்பமும் தன் வளவைப் படமாகக் கீறி, மூன்று பகுதிக் கணக்கை எழுதுக.
• காசுப் பகுதியிலிருந்து கைப் பகுதிக்கு மாற்றக்கூடியவை எவை என அயல் குடும்பத்தோடு கலந்து பேசுக.
• வேலியடைப்புக்கு ஐந்து குடும்பங்கள் முறைவைத்து உதவினால் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கூலி மிச்சமாகும் எனக் கணக்கிடுக.