கழற்றினால் மாட்டலாம், அறுத்தால்? – 1964 இம்பாலா சொல்லித்தரும் பாடம்

கைப்பேசியில் ரீல்ஸ் பார்க்கும்போது, முன்சக்கரம் தரையை விட்டுத் துள்ளுகிற பளபளப்பான நீளக் கார் ஒன்றை நீங்கள் பார்த்திருக்கலாம். பல நேரம் அது 1964 மாடல் ஷெவர்லே இம்பாலாவாக இருக்கும். ஏறத்தாழ 5.3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம். அமெரிக்கர்கள் 'முழு அளவுக் கார்' என்று சொல்லும் வகை இது. அறுபது வயது தாண்டிய இந்தக் கார்களை அங்கே இன்றும் பலர் வாங்கி, பிரித்து, சரிசெய்து ஓட்டுகிறார்கள்.

இந்த வேலையில் இரண்டு வழி உண்டு. தொழிற்சாலையிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே திரும்பக் கொண்டுவருவது ஒன்று. அதை மீட்டெடுத்தல் என்போம். நம் விருப்பத்துக்கு ஏற்ப மாற்றுவது இன்னொன்று. அது மாற்றியமைத்தல். எந்த வழியில் போனாலும், ஸ்பேனரைக் கையில் எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இப்போது செய்யப்போகும் வேலையைப் பிறகு பழையபடி ஆக்க முடியுமா? இந்தக் கேள்வியை விட்டுவிட்டால் பணமும் போகும், காரின் மதிப்பும் போகும், சில நேரம் காரின் ஆவணமே செல்லாமல் போய்விடும். எப்படி என்று படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: முதலில் எண்ணைப் படியுங்கள்

இன்றைய கார்களுக்கு 17 இலக்க அடையாள எண் இருக்கிறது. அமெரிக்காவில் இது 1981 மாடல் முதல்தான் கட்டாயமானது. 1964 இம்பாலாவில் இருப்பது 12 இலக்கம். ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் இருக்கும் தூணில், ஒரு சின்னத் தகட்டில் அது பொறிக்கப்பட்டிருக்கும்.

உதாரணத்துக்கு 4 18 47 ஜே, அதன் பின் ஆறு இலக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 என்றால் 1964 மாடல். 18 என்றால் வி8 எஞ்சின் வைத்த இம்பாலா. 47 என்றால் இரண்டு கதவு ஸ்போர்ட் கூபே. ஜே என்றால் விஸ்கான்சின் மாநிலம் ஜேன்ஸ்வில் தொழிற்சாலை. கடைசி ஆறும் வரிசை எண். நடுவில் 18-க்குப் பதில் 14 இருந்தால் அது 'சூப்பர் ஸ்போர்ட்' எனப்படும் எஸ்.எஸ். வகை. அதற்கு விலை கூடுதல். சாதாரண இம்பாலாவில் எஸ்.எஸ். சின்னத்தை ஒட்டி விற்பவர்களும் உண்டு என்பதால், சின்னத்தை நம்ப வேண்டாம், எண்ணை நம்புங்கள்.

பானெட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் இன்னொரு தகடு தெரியும். முதலில் அடித்த பெயின்ட், உள்ளே போட்ட இருக்கைத் துணி, பாடி கட்டிய மாதம், வாரம் எல்லாம் அதில் குறியீடாக இருக்கும். இந்த இரண்டு தகடுகளும்தான் காரின் பிறப்புச் சான்றிதழ். அடையாள எண் தகட்டைப் பெயர்ப்பதும், வேறு காரின் தகட்டை மாட்டுவதும் அமெரிக்காவில் குற்றம். பெயின்டரிடம் காரை விடும்போதே "தகட்டின் மேல் பெயின்ட் அடிக்காதீங்க, மறைத்து ஒட்டிடுங்க" என்று சொல்லிவிட வேண்டும்.

ஆவணம் தொலைந்துபோன கார் என்றால்? கலிபோர்னியாவில், மாநில மோட்டார் வாகனத் துறையின் அலுவலரோ உரிமம் பெற்ற சரிபார்ப்பாளரோ நேரில் வந்து எண்ணைப் பார்த்து, அதற்கென உள்ள படிவத்தில் கையெழுத்திட வேண்டும். 17 இலக்கம் கேட்கும் இணையச் சேவைகள் பழைய 12 இலக்க எண்ணை ஏற்காது. அதனால் பழைய காருக்குத் தாள் ஆவணம்தான் உயிர்.

படி 2: பிரிக்கும் முன் படம் எடுங்கள்

உங்கள் கைப்பேசிதான் இங்கே முக்கியமான கருவி. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் தூரத்திலிருந்து ஒன்று, அருகில் ஒன்று எனப் படம் எடுங்கள். வயரிங் என்றால் நிறம் தெரியும்படி எடுக்க வேண்டும். போல்ட், நட்டுகளைச் சின்ன பைகளில் போட்டு, பையின் மேல் எந்த இடத்தில் இருந்தது என்று எழுதுங்கள். பிரித்த காரைத் திரும்பக் கோக்க ஒன்றிரண்டு வருஷம்கூட ஆகலாம். அதுவரை நினைவில் வைத்துக்கொள்ள யாராலும் முடியாது.

கழற்றிய எதையும் உடனே தூக்கி எறியாதீர்கள். துருப்பிடித்த பழைய தகடுதான், புதிதாக வெட்டும் தகட்டுக்கு அளவு கொடுக்கும்.

படி 3: துருவும் சேஸிஸும்

இம்பாலாவில் துரு வழக்கமாகப் பிடிக்கும் இடங்கள்: டிக்கியின் தரை, கால் வைக்கும் தரைத்தகடு, பின்சக்கரத்துக்குப் பின்னால் உள்ள பக்கத் தகட்டின் அடிப்பகுதி, முன் மட்கார்டின் கீழ்முனை, பின்கண்ணாடியைச் சுற்றிய ஓரம். ஒரு சின்னக் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, தகட்டின் மேல் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அடுத்தது சேஸிஸ். 1958 முதல் 1964 வரை வந்த இம்பாலாக்களின் சேஸிஸ் மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி மாதிரி இருக்கும். நடுவில் ஒடுங்கி, முன்னும் பின்னும் விரியும். பக்கவாட்டில் நீளச் சட்டம் கிடையாது. 1965-இல்தான் ஓரத்தைச் சுற்றிவரும் சட்டத்துக்கு மாறினார்கள். ஆகவே 1964 காரில் கதவுக்குக் கீழே ஓடும் பாடித் தகடு உளுத்துப்போயிருந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூரை மடங்கும் வகையில் இன்னும் கவனம் வேண்டும். அந்தத் தகட்டை அறுக்கும் முன், கதவு இடைவெளியில் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு சாத்தாது.

டிங்கர் வேலையில் ஒரு எச்சரிக்கை: அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். பிரேக் டிரம்மைக் காற்று அடித்துச் சுத்தம் செய்யாதீர்கள், ஈரத் துணியால் துடையுங்கள். பெயின்டைத் தேய்க்கும்போது தூசு வடிகட்டும் முகக்கவசம் கட்டாயம்.

படி 4: ஓடுவதற்கு முன் நிற்க வேண்டும்

பழைய கார் வாங்கியவுடன் எல்லோருக்கும் எஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க ஆசை வரும். ஆனால் முதலில் பிரேக்கைப் பாருங்கள். 1964 இம்பாலாவில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் ஒற்றை அறை கொண்டது. ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் போதும், நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. மிதி நேராகத் தரைக்குப் போய்விடும். 1967 மாடல் முதல் ஷெவர்லேயில் இரட்டை அறை வந்தது. முன்பக்கம் போனாலும் பின்பக்கம் பிடிக்கும்.

மீட்டெடுப்பவர்கள் பலர் இந்த ஒரு இடத்தில் மட்டும் பழமையை விட்டுக்கொடுக்கிறார்கள். இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் முன்பக்க டிஸ்க் பிரேக்கும், போல்ட் போட்டு மாட்டும் தொகுப்பாகவே கிடைக்கின்றன. எதையும் அறுக்க வேண்டியதில்லை. பழையதைத் துடைத்துப் பெட்டியில் வைத்தால், வேண்டும்போது திரும்ப மாட்டலாம். உயிரைக் காக்கும் மாற்றம், அதுவும் பழையபடி ஆக்கக்கூடிய மாற்றம். தாராளமாகச் செய்யலாம்.

படி 5: எஞ்சின்

இந்த மாடலுக்கு ஆறு சிலிண்டர் எஞ்சினும், 283, 327, 409 கன அங்குல வி8 எஞ்சின்களும் வந்தன. லிட்டரில் சொன்னால் வி8 மூன்றும் சுமார் 4.6, 5.4, 6.7. இதில் 283, 327 இரண்டும் 1955-இல் தொடங்கிய 'ஸ்மால் பிளாக்' குடும்பம். லட்சக்கணக்கில் தயாரானவை என்பதால் உதிரிபாகத்துக்குப் பஞ்சமில்லை.

அந்தக் காலப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. அது வால்வு உட்காரும் இடத்தைத் தேய்மானத்திலிருந்து காத்தது. சாலையில் ஓடும் வாகனங்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்பதை அமெரிக்கா 1996-இல் முழுமையாகத் தடை செய்தது. எனவே எஞ்சின் ஹெட்டைக் கழற்றும்போதே கடினமான வால்வு சீட்டுகளைப் பொருத்திவிடுவது நல்லது. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும், அவற்றையும் மாற்றுங்கள்.

சிலர் புதிய எஞ்சினே வைக்கிறார்கள். அப்படி வைத்தாலும் பழையதைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள். அதன் முன்பக்கத்தில் பொறித்த குறியீடு அந்தக் காரின் கதையில் ஒரு பகுதி. எண்ணெய் பூசி, மூடி, ஓரமாக வையுங்கள்.

படி 6: மாற்றியமைத்தல் – சட்டம் பெற்றெடுத்த கலை

இம்பாலாவை மாற்றியமைப்பதில் பெயர் பெற்றவர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் வாழும் மெக்சிகோ வம்சாவளியினர். காரைத் தரையோடு தாழ்த்தி, மெதுவாக ஊர்வலம் போவது அவர்கள் வழக்கம். அதனால் 'லோரைடர்' என்று பெயர். ஆரம்பத்தில் ஸ்பிரிங்கை அறுத்தார்கள், டிக்கியில் மூட்டை ஏற்றினார்கள்.

1958 தொடக்கத்தில் கலிபோர்னியாவில் ஒரு சட்டப்பிரிவு நடைமுறைக்கு வந்தது. மாற்றியமைத்த காரின் எந்தப் பாகமும் சக்கர ரிம்மின் அடிவிளிம்பைவிடத் தாழ்வாக இருக்கக் கூடாது என்றது அது. ஸ்பிரிங்கை அறுத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அறுத்த ஸ்பிரிங் திரும்ப வளராதே!

சான் பெர்னார்டினோவைச் சேர்ந்த ரான் அகிரே என்ற இளைஞர் தன் 1957 கார்வெட் காரில் விமானத்து ஹைட்ராலிக் பம்புகளைப் பொருத்தினார். சுவிட்சைத் தட்டினால் கார் இறங்கும், இன்னொரு தட்டில் சட்டம் சொல்லும் உயரத்துக்கு ஏறும். அந்த யோசனை பரவி, இம்பாலாவில் நிலைத்தது. பாடத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது: நிரந்தரமாகத் தாழ்த்தியவர் சிக்கினார், ஏற்றி இறக்க வழி வைத்தவர் தப்பித்தார்.

ஹெசூஸ் வலாடெஸ் என்பவரின் 'ஜிப்ஸி ரோஸ்' இந்தக் கலையின் உச்சம். இளஞ்சிவப்பு உடல் முழுக்கக் கையால் வரைந்த ரோஜாக்கள் கொண்ட 1964 இம்பாலா அது. 2017-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று வாகனப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது. லோரைடர்களின் நெடுநாள் கோரிக்கையும் நிறைவேறியது. 2024 ஜனவரி 1 முதல் அந்த உயரக் கட்டுப்பாடும், நகரங்கள் ஊர்வலத்துக்கு விதித்த தடைகளும் கலிபோர்னியாவில் நீங்கின.

ஹைட்ராலிக் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது: துள்ளும்போது முழு அதிர்ச்சியும் சேஸிஸில் இறங்கும். அதனால் முதலில் சேஸிஸைச் சுற்றித் தகடு வைத்து வலுப்படுத்துவார்கள். டிக்கியில் அடுக்கும் பல பேட்டரிகளிலிருந்து தீப்பிடிக்கும் வாயு வரும். காற்றுப்போக்கும், மின்சாரத்தை உடனே துண்டிக்கும் சுவிட்சும் இல்லாமல் விடக் கூடாது.

நம் ஊரில் என்ன விதி?

அமெரிக்கப் பெரிய கார்கள் இந்தியாவுக்குப் புதிதல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் 1928 முதல் 1954 வரை பம்பாயில் கார்களைக் கோத்து விற்றது. அப்படிப்பட்ட காரோ, இறக்குமதியான பழைய காரோ உங்கள் குடும்பத்தில் இருந்தால், இரண்டு விதிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. ஆர்.சி.யில் உள்ள விவரம், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வாகனத்தை மாற்றக் கூடாது. எஞ்சினை மாற்றுவது போன்ற வேலைக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விசாரித்து, அனுமதி பெற்ற பிறகே கை வைக்க வேண்டும். யூடியூப்பில் பார்த்துவிட்டுச் சேஸிஸை அறுக்க வேண்டாம்.

இரண்டு, 2021-இல் வந்த பழம்பெரும் வாகனப் பதிவு விதிகள். முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு இவை பொருந்தும். ஆனால் சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருந்தால் தகுதி இல்லை. விண்ணப்பம் பரிவாகன் இணையதளம் வழியாக. படிவம் 20, காப்பீடு, பழைய ஆர்.சி., இறக்குமதி என்றால் சுங்க ஆவணம் ஆகியவை வேண்டும். விதியில் குறித்த கட்டணம் புதிய பதிவுக்கு ரூ.20,000, மறுபதிவுக்கு ரூ.5,000. பதிவு 10 ஆண்டு செல்லும். புதிய எண்ணில் மாநிலக் குறியீட்டுக்கு அடுத்து 'வி.ஏ.' என்று இருக்கும். கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, எரிபொருள், பராமரிப்பு இவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். தினசரி ஆபீஸுக்கோ வாடகைக்கோ ஓட்ட முடியாது.

பயிற்சி

ஒரு தாளில் இரண்டு பத்தி போடுங்கள். 'கழற்றி மாட்டக்கூடியது' என்று ஒன்று, 'அறுத்தால் திரும்பாதது' என்று இன்னொன்று. கீழே உள்ளவற்றைச் சரியான பத்தியில் எழுதுங்கள்: இரட்டை மாஸ்டர் சிலிண்டர், சேஸிஸ் வெட்டுதல், சீட் கவர், ஸ்பிரிங் அறுத்தல், டிஸ்க் பிரேக் தொகுப்பு, அடையாளத் தகட்டைப் பெயர்த்தல்.

பிறகு உங்கள் வண்டி எதுவாக இருந்தாலும், அது பழைய ஸ்கூட்டராக இருந்தாலும் சரி, அதன் சேஸிஸ் எண்ணைப் படம் எடுத்து, டிஜிலாக்கரில் உள்ள ஆர்.சி.யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலும், எந்த வேலையையும் தொடங்கும் முன் அதைத் திருத்த விண்ணப்பியுங்கள்.